ஏறியவர், இறங்கியவர்

தயாபரன் ராத்திரி வேலையில் எண்ணுகிறான்:
அட்டை தட்டி உள்ளே போனவர் இத்தனை,
தட்டி வெளியே வந்தவர் இத்தனை.
இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.
இருந்ததில்லை.
"யாரோ ஒருத்தர் எப்பவும் உள்ளேயே இருக்கார்" என்பான்,
விடிகாலை வீடு வந்து காலுறையைக் கழற்றியபடி.

அதே ராத்திரியில் நானும்
கிளமெண்டியில், பதினோராம் மாடியில்,
அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
வந்ததில் போனதைக் கழித்தால் சுழியம்.
ஓட்டம் நடுவழியில் பிறக்காது, நடுவழியில் சாகாது.
காகிதத்தில் இந்த விதி கல்.
பிறகு குவாண்டத்தை உள்ளே விடுகிறோம்.

ஒரு முக்கோணம்.
மூன்று முனை, ஒரு வளையம்,
அதைச் சுற்றி ஓடும் ஒரு துகள்.
தொகையீடு முடிவிலியை நோக்கிப் பாய்கிறது;
தொடங்கும் இடத்தை ஒரு விரற்கடை நகர்த்தினாலும்
விடையும் நகர்ந்துவிடுகிறது.
இந்த முனையை அடைத்தால் அந்த முனை ஒழுகும்.
அதை அடைத்தால் இது.
யாரைக் காப்பாற்றுவது என்பது என் விருப்பம்.
ஒழுகுவது என் விருப்பமில்லை.

"மீச்சமச்சீர்மையில் இது குடும்பச் சண்டை" என்றாள் சியூ லிங்,
உணவங்காடியில், கோப்பி ஓ ஆறிக்கொண்டிருக்க.
ஒரே வீட்டில் மூவர்.
கட்டத்தைச் சுழற்றும் ஓட்டம் மூத்தது,
அளவு மாறினால் அலறும் ஆற்றலின் தடம் இளையது,
நடுவில் ஒருத்தி,
போசானை ஃபெர்மியானாக்கி, ஃபெர்மியானைப் போசானாக்கி
இருவருக்கும் தூது போகிறவள்.
ஒருவர் பிறழ்ந்தால் மற்றவரும் பிறழ வேண்டும்.

ஆனால் மூத்தது
தன் பிழையை முதல் வளையத்திலேயே கட்டி முடித்துவிட்டது.
இளையதோ இரண்டாம் வளையம், மூன்றாம் வளையம் என்று
வீட்டுக்கடன் போலக் கட்டிக்கொண்டே இருக்கிறது.
ஒரே ரத்தம். எப்படி?

நான்கு மாதம்.
வெள்ளைப் பலகையில் அழித்த சாம்பல் தடத்தின் மேல் எழுதி,
அதன் மேல் அழித்து.
கடைசியில் கண்டது, பெரிதாக ஒன்றுமில்லை:
இரண்டு பேருக்கு ஒரே எழுத்தை வைத்திருந்தோம்.
நாம் தாளில் எழுதுகிற இணைப்பெண் வேறு,
துகள் தன் உடம்பில் உணர்கிற இணைப்பெண் வேறு.
மூத்தது ஒன்றைச் சொன்னது, இளையது மற்றதை.
இருவரும் பொய் சொல்லவில்லை.

தயாபரனிடம் இதைச் சொன்னேன்.
"அப்ப என் கணக்கில் குறையும் ஆள்?" என்றான், பாதித் தூக்கத்தில்.
அது பிழையில்லை, என்றேன்.
அப்படி ஓர் ஓட்டை இருப்பதால்தான்
நடுநிலைப் பையான் சட்டென்று ஒளியாக முடிகிறது.
அவன் தூங்கிவிட்டிருந்தான்.

காலை ரயில். போனா விஸ்டாவில் மாறி,
கெண்ட் ரிட்ஜில் இறங்கினேன்.
"இடைவெளியை நினைவில் கொள்ளுங்கள்" என்றது குரல்.
கட்டணக் கதவு பழுது, விரியத் திறந்து கிடந்தது.
பணியாள் கையசைத்தார், போங்கள் போங்கள் என்று.
தட்டாமல் வெளியே வந்தேன்.

இன்றிரவும் தயாபரன்
உள்ளே இருக்கும் அந்த ஒருவரைத் தேடுவான்.
நான் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறேன்,
அட்டை இன்னும் கையிலேயே.