நாற்பத்தோராவது கோப்பை

ஹெல்சின்கியில்தான் எடுத்தார்கள் அந்தப் படத்தை,
லெனின்கிராட் என்று சொல்லி.
அறுபத்தெட்டு பிப்ரவரி. லண்டனிலிருந்து வந்த குழு
கதயனோக்காவின் தெருப்பலகைகளைக் கழற்றி
ரஷ்ய எழுத்தில் வேறு மாட்டியது.
பனிக்கு மட்டும் வேடம் தேவைப்படவில்லை.

இப்போது அதையே திரும்ப எடுக்கிறாள் ரீக்கா லெம்பினென்.
முப்பத்துநான்கு வயது. யோசனை வந்தால் கையுறையைக் கழற்றுவாள்,
போய்விட்டால் போட்டுக்கொள்வாள்.
நான் படப்பிடிப்புக்கு இடம் தேடுபவள்.
பழைய படத்தின் ஒவ்வொரு மூலையும்
இன்று என்னவாயிற்று என்று சொல்வதற்குச் சம்பளம்.
சுங்கக் கிடங்கில் யோகா வகுப்பு.
நாயகன் பிடிபடும் தொலைபேசிக் கூண்டு
நடைபாதைக் கல்லில் நான்கு திருகாணித் துளைகள்.

"நன்றாக இருப்பதை ஏன் தொட வேண்டும்?" என்றார்
ஒளிப்பதிவாளர் ஆன்ஸி, சால்மன் சூப்பை ஊதியபடி.
"புதிய மொந்தையில் பழைய கள்."
"நன்றாக இல்லை, ஆன்ஸி.
படம் முழுக்க ஒரே ஒரு பெண்.
கதவைத் திறக்கிறாள், சுடப்படுகிறாள்.
நடுவில் அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை."
ஆன்ஸி சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகப் பட்டது.
வாடகை கட்டும் தேதி ரீக்கா பக்கம் இருந்தது.

நிறுத்தி நிறுத்திப் படம் பார்க்கிறவளுக்குத்தான்
இதெல்லாம் கண்ணில் படும்:
பதினேழாம் நிமிடம், டிராம் நிறுத்தத்தில் நாளிதழோடு ஒருவன்.
நாற்பதாம் நிமிடம், மீன் சந்தை. அதே தொப்பி,
இடக்காது மட்டும் வெளியே.
கடைசித் துரத்தலில், தேவாலயப் படியில், மறுபடி அந்தக் காது.
வேடிக்கை பார்க்க நிறுத்திய கூட்டம்
நாயகனைப் பார்க்கிறது.
இவன் பார்ப்பது
கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களை.

துணை நடிகர் பட்டியலில் நாற்பது பெயர்.
பழைய கணக்கேட்டில், காபி, நாற்பத்தொரு கோப்பை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
யார் ஆள்? எங்கள் போலீஸா, வளைகுடாவின் அக்கரையா,
லண்டன்காரர்கள் தாங்களே கூட்டி வந்ததா?
ஒற்றனாக நடித்தவருக்குச்
சுவரொட்டியில் ஆள் உயரம் முகம்.
ஒற்றனுக்கு ஒரு காபி.

ரீக்காவிடம் காட்டினேன். கையுறை கழன்றது.
"இவனுக்கும் ஓர் ஆள் போடுவோம்."
"போட்டால் நடிப்பான்."
"நடிக்கட்டுமே?"
"நடித்தால் பெயரும் நாற்பத்தொன்று, கோப்பையும் நாற்பத்தொன்று.
கணக்கு நேராகிவிடும்."
வெகுநேரம் திரையில் அந்தக் காதையே பார்த்தாள்.
ஆள் போடவில்லை.

படப்பிடிப்பன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
வரச் சொன்ன நாற்பது பேரும் வந்தார்கள்.
நான் நாற்பத்தொரு காபி சொன்னேன்,
ஒன்று என் காசில்.
அதை டிராம் நிறுத்தத்துப் பலகையில் வைத்துவிட்டு
அந்தப் பக்கம் பார்க்காதவள்போல் நின்றேன்.
இந்த முறை கதவைத் திறப்பவள் பெயர் வேரா.
சுடப்படுமுன் ஒரு பொய் சொல்கிறாள்.
எவ்வளவு நேர்த்தியான பொய் என்றால்
சுட வந்தவன் அரை நொடி அதில் குடியிருக்கிறான்.
ஒன்பதாவது டேக்கில் ஆன்ஸி
"ம்" என்றார். அவரிடம் அது பெரிய பேச்சு.

பலகைக்குத் திரும்பினேன். கோப்பை அப்படியே இருந்தது,
மேலே கண்ணாடி மாதிரி ஏடு கட்டி.
யாரும் வரவில்லை, எப்படி வருவார்கள்?
எதிரே மருந்துக்கடை வாசலுக்கு மேல்
ஒரு கறுப்புக் குமிழ்.
அதற்குக் குளிராது, தொப்பி வேண்டாம்,
காது வெளியே தெரியாது.
ரீக்கா "கட்" என்றதும் நாங்கள் எல்லோரும் கலைந்து
மூக்கைச் சிந்தினோம், வீட்டுக்குப் போன் போட்டோம்.
அது கலையவில்லை.

இரவு விடுதி அறையில் கணக்கெழுத உட்கார்ந்தேன்.
காபி, நாற்பத்தொன்று.
எழுதிவிட்டு
பென்சிலைத் தேடினேன்.