சர்க்கரை கேட்கப் போனவள்

புன்டா அரீனாஸில் காற்று
தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிய இரவு.
கடைசிப் பேருந்தைப் பணிமனையில் விட்டு வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை,
சுவருக்கு அப்பால் யாஸ்னாவின் குழந்தை.
இரண்டு மணி நேரமாக அழுகிறதாம்.
கீழ்வீட்டு ருபெர்த்தோ சொன்னார்,
சொல்லிவிட்டு டிவியைச் சத்தமாக வைத்தார்.

பிறகு அவள் குரல்.
பிறகு ஏதோ விழுந்து உடைந்தது.

அதற்கு அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.
என் மகனின் இடது காதில்
இருபது வருடமாக அது இருக்கிறது.
அன்று என் கதவை யாரும் தட்டவில்லை.

காலிக் கோப்பையோடு போய் நின்றேன்.
"சர்க்கரை இருக்கா?"
மணி பன்னிரண்டே கால்.
என்னைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல்
குழந்தையை என் கையில் திணித்துவிட்டுத்
தரையிலேயே உட்கார்ந்தாள்.
அப்படியே தூங்கிப்போனாள்,
உடைந்த தட்டுக்குப் பக்கத்தில்.

குழந்தை என் சீருடைப் பொத்தானைச் சப்பியது.
டீசல் வாடை பிடித்திருக்க வேண்டும்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் நான்.
ஞாயிறு ருபெர்த்தோ;
அவருக்குத் தாலாட்டு தெரியாது,
கால்பந்து வர்ணனை சொல்கிறார்.

சர்க்கரையை இன்னும் அவள் தரவில்லை.
என் வீட்டில் இரண்டு கிலோ இருக்கிறது.