ஒரு விரல் இடைவெளி

மூன்றாம் வரிசை, ஓரத்து இருக்கை. இலவசச் சீட்டு.
மேலங்கியை வாங்கி மாட்டிய பையன் கேட்டான்:
"அமைச்சரை நேரிலேயே பார்த்தவராமே நீங்கள்?"
பார்த்ததில்லை தம்பி. கேட்டிருக்கிறேன்,
ஒன்பது வருடம், தலை நிமிராமல்.
நாடாளுமன்றச் சுருக்கெழுத்துக்காரி
நிமிர்ந்தால் அரை வாக்கியம் போச்சு.

விளக்கணைந்தது. தம்பெரே மேடையில்
நீலத்துணி ஆறாக ஓடியது.
மரம் மிதக்கவிடும் ஆட்கள் இருபது பேர்
கழியைத் தட்டித் தட்டி ஆடினார்கள்.
நடுவில், கட்டைமேல் நின்று,
பத்து வயது வில்ஹோ சாரிலஹ்தி
நாட்டைக் கரைசேர்ப்பேன் என்று பாடினான்.
நல்ல சாரீரம். யார் வீட்டுப் பிள்ளையோ.

அந்த மனிதர் பாடியதே கிடையாது.
பார்த்ததில்லை என்றா சொன்னேன்?
கூட்டத்தொடர் தொடங்கும் நாளில்
எல்லோரும் எழுந்து கீதம் பாடும்போது
பென்சிலுக்கும் ஓய்வு. அப்போது பார்ப்பேன்.
உதடுகூட அசையாது அவருக்கு.
சட்டையின் மூன்றாவது பொத்தான்
கழன்றே இருக்கும்.

இங்கே அவருக்குப் பதினாறு பாட்டு.
மனைவியோடு பனிச்சறுக்கில் ஒன்று,
கடன் கேட்கப் போன ஊரில் ஒன்று.
எதிர்க்கட்சிக்காரர்கள் நாற்காலிமேல் ஏறி
ரொட்டி விலையை நான்கு குரலில் பிரித்துப் பாட,
கூடமே சிரித்தது. நானும்தான்.
வலதுகை மட்டும் சிரிக்காமல்
மடிமேல் கோடிழுத்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷம்.
சிரிப்புக்குக் குறி உண்டு. கைதட்டலுக்கு உண்டு.
இடப்பக்கக் குறுக்கீட்டுக்கு,
அவைத்தலைவர் மணியடிப்பதற்கு உண்டு.
ராகத்துக்கு இல்லை.

இடைவேளையில் காப்பி, ஏலக்காய் ரொட்டி.
பக்கத்து மேசையில் ஒருவர் மனைவியிடம் சொன்னார்:
"இவ்வளவு உருக்கமான மனுஷனா!
பள்ளிக்கூடத்தில் இவர் போட்ட வரியைத்தானே
மனப்பாடம் செய்யவைத்தார்கள்."

பிறகு அந்த டிசம்பர் இரவு வந்தது.

அன்று அவர் "ஆகவே" என்றார். நின்றுவிட்டார்.
பென்சில்முனை தாளில் ஊன்றிக் காத்திருந்தது.
யாரோ இருமினார்கள். வெந்நீர்க்குழாய் முனகியது.
சுவர்க்கடிகாரத்தில் நான்கு நிமிடம்.
பேசாதவருக்கு என்னத்தை எழுதுவது?
ஒரு விரல் அகலம் வெற்றாக விட்டேன்.
"அந்த ஜன்னலைச் சாத்துங்கள்" என்றார் பிறகு.
பிறகு, "என் ராஜினாமாவை ஏற்க வேண்டுகிறேன்."

மறுநாள் தட்டச்சு செய்த ஐனிக்கி
இடைவெளியை இழுத்து மூடிவிட்டாள்.
கெட்டிக்காரி, காகிதத்தை வீணாக்கமாட்டாள்.
அச்சில் "ஆகவே"க்கு அடுத்து "என் ராஜினாமாவை".
ஜன்னலும் போயிற்று.

மேடையில் நடிகர் "ஆகவே" என்றார்.
அங்கேதான் வயலின் எழுந்தது.
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.
எவர் சொன்னது இவர்களுக்கு,
அந்த இடத்தில் என்னவோ இருந்ததென்று?
தொலைபேசியில் துருவித் துருவிக் கேட்ட
ஆராய்ச்சிப் பெண்ணிடம்கூட
உணவறையில் ஆரஞ்சுத் தோலை
ஒரே நாடாவாக உரிப்பார் என்றுதான் சொன்னேன்.

பாட்டு மோசம். "தாயகமே" ஏழு தரம் வந்தது.
ஆனாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்:
நான்கு நிமிடம், கொஞ்சம் சொச்சம்.
மடிமேல் கை
எப்போது நின்றதென்று தெரியவில்லை.

பின்வாசலில் பனி கொட்டியது.
பாதி மீசை பிய்ந்து தொங்க, நடிகர்
சிகரெட்டை அணைத்துவிட்டு வந்தார்.
யாரோ சொல்லியிருக்கவேண்டும் என்னைப் பற்றி.
"மிர்யாமி அம்மா, அப்படித்தான் இருந்தாரா?"

பத்தேகாலுக்கு எனக்கு ஹெல்சிங்கி ரயில்.
"பொத்தான்" என்றேன். "மூன்றாவது."
குனிந்து பார்த்தார்.
கழற்றிவிட்டுக்கொண்டார்,
அந்தக் குளிரில்.