இரவல் விரல்

பந்து ஒன்றுதான். பதினான்கு இறாத்தல்,
நீலத்தில் கொஞ்சம் கரி கலந்த நிறம்.
பெருவிரலுக்கு மட்டும் இரண்டு வீடு:
ஓய்வு நாளுக்கு நீலக் குழல்,
வேலை முடிந்து வரும் நாளுக்கு வெள்ளை.

துளை போட்டுத் தந்தவன் பெயர் யோஹன்.
தொலைபேசியில் யோகன் என்று கேட்டு
"அண்ணை, எந்த ஊர்?" என்றேன்.
போய்ப் பார்த்தால் இரண்டு மீட்டர் உயரம்,
காதில் வளையம், கையில் அளவுகோல்.
"உன் விரல் பொய் சொல்கிறது" என்றான்.
"திங்கள் அளந்தது வியாழன் இல்லை."

சரிதான்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
எட்டு மணி நேரம் ஆவியில் விரிப்பு மடித்தவளின் விரல்
ஊறப் போட்ட கடலை.

முன்பு துளைக்குள் நாடா ஒட்டினேன்,
பிய்த்தேன், நகத்தால் சுரண்டினேன்,
பிறகும் ஒட்டினேன்.
விரல் மாட்டிக்கொண்டால் பந்து போகாது,
பந்தோடு நான் போவேன். ஒருமுறை போயும் இருக்கிறேன்,
கோட்டைத் தாண்டி, எண்ணெய்த் தடத்தில், முழங்காலில்.
இப்போது கால்வாசித் திருப்பு,
ஒரு கிளிக்,
வேறு விரல்காரி.

கார்த்திகை மாதத்து வியாழன்.
வூப்பர்டால், ஆறாம் தடம்,
எதிரே சோலிங்கன் அணி.
மூன்றாவது ஆட்டத்தில் ஒன்பதாம் கட்டம் முடிய
நீலத்துக்குள் விரல் இறங்கவில்லை.
பையைக் கவிழ்த்தேன்: துவாய், பசை டப்பா,
பாதி பிஸ்கட், வீட்டுச் சாவி.
வெள்ளை இல்லை.
அது வீட்டில், சப்பாத்துத் தட்டின் கீழே
பழைய பந்துக்குள் பூட்டியபடி.

குட்ரூன் எதுவும் கேட்கவில்லை.
தன் ஆட்டம் முடிந்தவள்,
தன் பந்தை மடியில் வைத்துத் திருகினாள்,
சாம்பல் நிறக் குழலைக் கழற்றி நீட்டினாள்,
பல்லைக் கழற்றித் தருவது போல
முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.
என் நீலத்தை அவள் கையில் கொடுத்தேன்.

ஏழு வருடமாக ஒரே மேசை, ஒரே தட்டுப் பொரியல்.
அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது
உப்புக் கூடப் போடுவாள் என்பது.
இப்போது என் பெருவிரலுக்குத் தெரிகிறது,
உள்ளே இன்னும் சூடு இருக்கிறது,
ஏதோ மருந்துக் களிம்பின் வழுவழுப்பு,
இடப்பக்கம் ஒரு பள்ளம் அரம் போட்டிருக்கிறது,
அந்த இடத்தில் அவள் மூட்டு பெருத்திருக்கும்.
வலிக்கும்.
ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் பள்ளத்தில் என் எலும்பு உட்காரவில்லை.
ஆனாலும் விட்டது.
பந்து வளைந்தது, வழக்கத்துக்குக் கொஞ்சம் பிந்தி.
ஒன்பது விழுந்தன.
பத்தாவது, வாடகைப் பாக்கி கேட்டு வந்தவன் போல
மூலையில் நின்றான்.
அடுத்த பந்தில் அவனையும் அனுப்பினேன்.
கடைசிப் பந்துக்கு ஏழு.
மூன்றால் தோற்றோம்.
சோலிங்கன்காரர்கள் கைகொடுத்தார்கள்,
யாரோ ஒருவர் பியர் வாங்கித் தந்தார்,
எனக்கு ஆப்பிள் சாறு.

தொங்கு ரயிலில், ஆற்றுக்கு மேலே,
ஜன்னலில் மழை பக்கவாட்டில் ஓடும்போதுதான்
பையைத் திறந்து பார்த்தேன்.
சாம்பல் குழல் என் பந்திலேயே இருந்தது.
கையுறையைக் கழற்றி விரலை விட்டேன்.
குளிரில் என் விரல் சுருங்கிவிட்டிருந்தது,
அவளுக்குள் தளர்ந்து சுழன்றது,
மணிக்குள் நாக்குப் போல.

நீலம் அவளிடம்.
வெறும் துளையோடு பந்தை மூடிவைக்கும் ஆள் இல்லை அவள்.
ஞாயிறு காலை தனியே பழகப் போவாள்,
களிம்பு பூசி, என் துளைக்குள் விரலை இறக்குவாள்.
பிடிக்கும் அவளுக்கு, மூட்டில் இறுக்கும்.
ஒரு செய்தி அனுப்பலாம்.
பாதி எழுதி, என் தரிப்பிடம் வர,
கைபேசியை வாயில் கவ்விக்கொண்டு
பதினான்கு இறாத்தலைத் தூக்கினேன்.