பாணந்துறைக்கு ஒரு டிக்கட்

பொரளையில் மூன்று நாள் பயிற்சி.
ஏசி சரியில்லாத மண்டபம், பன்னிரண்டு பேர்,
பன்னிரண்டு பேரிடமும் பட்டம்.
எங்களில் ஒருவருக்கும் சொல் நடுவழியில் நின்றதில்லை.
ஷெஹானிக்கு நிற்கும்.
அவள்தான் பயிற்றுநர்.

முதல் நாள் தன் பெயரைச் சொல்ல
அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
நான் குனிந்து பேனாவின் மூடியைத் தேடினேன்.
மூடி பேனாவில்தான் இருந்தது.

"நாங்கள் கொத கஹனவா என்போம்,
தமிழில் எப்படி?" என்று கேட்டாள்.
திக்குவது என்றேன்.
திக்கு என்றால் திசையும்தான் என்றேன்.
யாரோ அழகு என்று எழுதிக்கொண்டார்கள்.
ஷெஹானி எழுதவில்லை.
"நாளைக்குப் பின்னேரம் எல்லாரும் வெளியே போய்த்
திக்கிவிட்டு வாருங்கள்.
தெரியாத மூன்று பேரிடம்."

மருந்துக் கடையில் முடியவில்லை.
தண்ணீர் மாதிரிப் பேசி
ஒரு பனடோல் கார்ட் வாங்கிக்கொண்டு வந்தேன்.
கோட்டையில் நூறாம் நம்பர் பஸ்.
விரலிடுக்கில் மடித்த நோட்டுகளோடு
கொண்டக்டர் வந்து நின்றான்.
ப, என்றேன்.
ப, ப, ப
பம்பலப்பிட்டி
ஏற்கெனவே பாதி திக்கித்தான் இருக்கிற பெயர்,
அதன் வாசலிலேயே நின்றேன்.
நடிப்புத்தான்.
கழுத்து நடிக்கவில்லை, காதுமடல் நடிக்கவில்லை.
பக்கத்து சீட்டுப் பெண்
பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.
"பாணந்துறையா?" என்றான்.
தலையாட்டினேன்.

பாணந்துறைக்குக் காசு கொடுத்து
பம்பலப்பிட்டியில் இறங்கியதை
மூன்றாம் நாள் எழுந்து நின்று சொன்னேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
"உங்களிடம் வரும் பிள்ளைகள்
எந்த ஊருக்கெல்லாம் டிக்கட் எடுத்து வைத்திருக்கிறார்கள்,
பார்த்தீர்களா?" என்றாள் ஷெஹானி.
அந்தக் கேள்வியிலும் இரண்டு இடத்தில் நின்றாள்.
நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை. கொம்பனித்தெரு ருஷ்தி, வயது ஒன்பது.
கோப்பில் என் கையெழுத்து:
நல்ல முன்னேற்றம். இம்முறை ஒரு தடவைகூடத் திக்கவில்லை.
பிடித்த உணவு, பணிஸ்.
மெதுவா, மூச்செடுத்துச் சொல்லு என்று
எத்தனை தரம் சொன்னேன் என்பது
கோப்பில் எங்கேயும் இல்லை.

அவனுக்கு பஸ் கதையைச் சொன்னேன்.
"பொய்யாவா மிஸ்?"
"பொய்யாத்தான். பயம் மட்டும் பொய்யில்லை."
யோசித்தான்.
பக்கத்துப் பல் கிளினிக்கில் ஒரு குழந்தை
அழத் தொடங்கி மறந்துபோய் நிறுத்தியது.
"எனக்குப் பணிஸ் விருப்பமில்லை.
கன்டீன்ல நான் கேக்க நினைக்கிறது
ர்..."

இந்த இடத்தில்தான் முன்பெல்லாம் நுழைவேன்,
புன்னகையோடு.
அவனுடைய சொல்லை நானே முடித்து
மிச்சக் காசு போல அவன் கையில் வைப்பேன்.

கண்ணை எடுக்கவில்லை.
பேனா மூடியைத் தேடவில்லை.
அவன் உதடு இறுகியது, இமை துடித்தது.
வெளியே ஒரு அம்புலன்ஸ் வந்து, கடந்து, தேய்ந்தது.
இன்னும் ர்.
சும்மா இருக்கவா மூன்று நாள் படித்தேன்
என்று ஒரு கணம் தோன்றியது.
ஆமாம், சும்மா இருக்கத்தான்.
முகம் மாறாமல்.

"ர்ர்ரோல்ஸ்" என்றான்.
"மூணாம் ஆண்டிலிருந்து மிஸ், பணிஸ்."

பணிஸை வெட்டினேன்.
முன்னேற்றத்தை வெட்டக் கை வரவில்லை,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அடுத்த புதன் நானே ரோல்ஸ் வாங்கி வரலாம் என்று நினைத்து
பிறகு விட்டுவிட்டேன்.
கேட்க வேண்டியவன் அவன்,
இடைவேளை மணி அடித்த வரிசையில்,
பின்னால் பத்துப் பேர் தள்ள.
அங்கே எனக்கு இடமில்லை.

கதவுக்கு வெளியே உம்மா.
"இண்டைக்கு நல்லாப் பேசினானா மிஸ்?"
"நல்லாத் திக்கினான்" என்றேன்.
அவருடைய முகம் விழுந்தது.
ருஷ்தி சிரித்தான், எனக்காக இல்லை,
எதற்கோ.
உம்மாவோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.
வாப்பாவோடும்.
கன்டீன்காரரின் பெயர் தெரியாது.