செவ்வாய்க்கிழமைக் காற்று

ஒன்றுமில்லாததைச் செய்ய
எவ்வளவு சாமான் வேண்டியிருக்கிறது:
மூன்று பம்பு, நூற்றுப் பன்னிரண்டு போல்ட்டு,
செப்பு வளையங்கள், ஒரு குடுவை திரவ நைட்ரஜன்,
ஃபனிலின் கெட்ட வார்த்தைகள்.

தோம்ஸ்க். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
டிராம் வளைவில் கீச்சிடுவது
இரட்டைச் சன்னலைத் தாண்டி வருகிறது.
உள்ளே, எஃகுக் கலத்தின் வயிற்றைவிட்டு
காற்று போக மறுக்கிறது.

பத்தின் அடுக்கு மைனஸ் ஐந்தில் நிற்கிறது முள்,
பதினோரு இரவாக,
வட்டி வாங்காமல் நகரமாட்டேன் என்கிறவன் மாதிரி.

ஹீலியம் குழாயைப் பிடித்துக்கொண்டு
மூட்டு மூட்டாகப் போனோம்.
பார்வைக் கண்ணாடி, வால்வின் கழுத்து,
உயரழுத்தக் கம்பி நுழையும் பீங்கான்,
போன வருஷம் நான் வைத்த வெல்டிங்
(அதில்தான் என்று இருவரும் மனதார நம்பினார்கள்).
கருவி ஒரு தடவைகூட முனகவில்லை.
வெளியிலிருந்து எதுவும் வரவில்லை.
அப்படியானால்
உள்ளேயே இருக்கிறது.

அக்லாயா நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.
தூக்கத்தில் "நாற்பத்துமூன்று" என்றாள்.
விரல் எண்ணெயின் உடைந்த துண்டு அது;
யாரோ கையுறையில்லாமல் தொட்டிருக்கிறார்கள்.
ஆனால் திரையில் உயரமாக நின்றது இருபத்தெட்டு,
அதன் தோளுக்குக் கீழே முப்பத்திரண்டு.
நாலுக்கு ஒன்று.
விஷமில்லை, விசேஷமில்லை,
நாங்கள் இழுத்துவிடும் அதே காற்று.

விடியலில் ஃபனில் பழைய வரைபடத்தை விரித்தான்.
மூலையில் தேதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு.
நேர்மின்முனையைத் தாங்கும் திருகாணி
மறுபக்கம் திறக்காத துளையில் இறங்குகிறது.
அடியில் ஒரு பட்டாணி இடம்.
காற்று வெளியேற வழி வரையவில்லை எவனும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்கிறேன்.
எண்பத்தேழின் காற்று!
இன்று எந்தப் படத்திலும் இல்லாத ஒரு நாட்டின்
பட்டறைக் காற்று, கிரீஸும் புகையிலையும் கலந்து
திருகுச் சுருளில் சுற்றிச் சுற்றி ஏறி
இத்தனை காலம் கழித்து எங்களிடம்...

"கலத்தைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் நிரம்புமே,"
என்றாள் அக்லாயா, கண்ணைத் திறக்காமல்.
"அது போன செவ்வாய்க்கிழமைக் காற்று.
நீ வெங்காயம் சாப்பிட்டிருந்தாய்."

திருகாணியின் நடுவே ஒரு மில்லிமீட்டர் துளை.
துளையிட ஆறு நிமிஷம்.
மறுபடி மூடி, மறுபடி பம்பு,
ஒரு பகல், ஓர் இரவு.
முள் இறங்கியது. ஆறு. ஆறரை.
ஏழைத் தொட்டபோது யாரும் பேசவில்லை;
பேசினால் உள்ளே போய்விடும் என்பதுபோல்.

பிறகு மின்சாரம்.
டைட்டானியத்தின் முகத்தில் ஒரு புள்ளி,
முடியைவிட மெல்லியது,
உலோகத்தையே கொதிக்கவைத்து அதன்மேல் ஓடுகிறது.
அடுத்து எங்கே தாவும் என்று
அதற்கே தெரியாது.
போன இடமெல்லாம் குழி, குழி, குழி.
நீலவெள்ளையாய் ஒரு சொடுக்கு,
இருநூறு மைக்ரோ விநாடி, தீர்ந்தது.

நாற்பது கிலோவோல்ட்டில் இழுபட்டு
அயனிகள் கற்றையாய்க் கிளம்புகின்றன.
கண்ணில் படவில்லை.
காற்று மிச்சமிருந்த இரவுகளில்
கற்றையின் வழியில் ஊதாவாய் ஏதோ மங்கித் தெரியும்;
இன்று சுத்தம், ஆகவே இருட்டு.
மானியில் மட்டும் ஒரு சிறு மேடு,
மேலே தட்டையாக,
யாரோ உள்ளங்கையால் தடவிவிட்டதுபோல்.
ஃபனில் அதைப் படமெடுத்துத் தன் மகளுக்கு அனுப்பினான்.
"இது என்ன, மேஜையா?" என்று பதில் வந்தது.

நாற்பத்தொன்றில் பொறி பறந்து
எல்லாம் அணைந்தது.
நாளை பார்க்கலாம் என்றோம்.

டிராம் நிறுத்தத்தில் தனியாக நிற்கிறேன்.
மூச்சு முகத்துக்கு முன்னால் வெளுத்து
இமையில் பொடியாய் உறைகிறது.
பழக்கதோஷம், எண்ணிக்கொண்டிருக்கிறேன்:
பதினெட்டு, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு,
நாற்பத்து நான்கு.
கசிகிறேன்.