ஒரு பக்கம் ஒரு ரூபாய்

கொறுக்கைநத்தத்துக்கு இரண்டு திறப்பு.
மேட்டூரில் ஒன்று, கல்லூரி வாசலில் ஒன்று.
இரண்டும் ஜூனில் என்று பேச்சு.
எது தள்ளிப்போகும் என்று
இப்போதெல்லாம் யாரும் பந்தயம் கட்டுவதில்லை.
வெண்ணாற்று மதகில் தண்ணீர் நுரைக்கும் வாரம்
வேதாரண்யம் பஸ்ஸிலிருந்து
புதுச் செருப்போடு இறங்குவார்கள் முதலாமாண்டுக்காரர்கள்.
நேராக என் கடைக்கு.
மாற்றுச் சான்றிதழ் மூன்று,
சாதிச் சான்றிதழ் மூன்று,
வருமானச் சான்றிதழ் மூன்று.
பதினேழு வயசில் ஒருத்தர் இத்தனை பேர்.

என் பெயர் மெஹ்ருன்னிசா.
கடையின் பெயர் ஸ்டார் ஜெராக்ஸ்.

கல்லூரியின் கதை பொன்விழா மலரில் இருக்கிறது.
பதினோரு வேலி நஞ்சையைத் தானமாகத் தந்தார்
சாம்பமூர்த்தி மழவராயர் என்கிறது எட்டாம் பக்கம்.
உச்சவரம்புச் சட்டத்தை
ஒரு வருஷம் முன்பே மோப்பம் பிடித்தவர் என்கிறார்
டீக்கடைத் தங்கையன்.
இரண்டுக்கும் என்னிடம் நகல் உண்டு,
ஒன்று மட்டும் தாளில்.

அந்த நஞ்சையில் நாற்றுக்கட்டு சுமந்த அஞ்சலையின் மகள்
இன்று அங்கே தாவரவியல் துறைத்தலைவர்.
நெல்வேரைப் பற்றி அவர் எழுதிய ஆய்வேடு
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஐந்து படி.
எல்லாரும் மெரூன் அட்டை கேட்பார்கள்.
அவர் சேற்று நிறம் இருக்கிறதா என்றார்.
கும்பகோணம் வரை ஆள் அனுப்பி வாங்கினேன்.

வண்டல் மண் கட்டடத்தை மதிப்பதில்லை.
நூலகம் வடக்கே சாய்ந்திருக்கிறது.
மேஜையில் வைத்த பென்சில் ஆற்றுப்பக்கம் உருளும்.
இன்ஜினியர்கள் வந்தார்கள்,
விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித்
தேதி எழுதிவிட்டுப் போனார்கள்.
கண்ணாடி உடைந்த தேதியை யாரும் எழுதவில்லை.

ஊரின் குணம் என்ன என்றால்,
விடுதிப் பையன்களைத் திட்டிக்கொண்டே கடன் தரும்.
கணக்கெழுதிய நோட்டைத் தொலைத்துவிடும்.
தேர்வு நடக்கும் மூன்று வாரமும்
ஒன்பது மணிக்கு மேளத்தை நிறுத்தச் சொல்லுவார்
கல்யாண மண்டபத்துக்காரர்.
அவர் மகனுக்கு இன்னும் நாலு அரியர்.
மே மாதம் பரோட்டாக் கல் சூடேறாது,
நாய்கள் இளைக்கும்.

கஜா அடித்த நவம்பரில்
விடுதியின் தகரக்கூரை தாளடி வயலில் கிடந்தது.
நாலாம் நாள்
முத்துப்பேட்டைப் பக்கத்துப் பையன் இளஞ்சேரன்
வாசலில் வந்து நின்றான்.
“அக்கா, வீடே இல்ல.
பன்னெண்டாவது மார்க்‌ஷீட்டு உங்ககிட்ட எடுத்தேன்ல,
அதுல ஒண்ணு கறுப்பா விழுந்துச்சே,
தூக்கிப் போட்டுட்டீங்களா?”

போடவில்லை.
கெட்டுப்போன நகல்களை மூட்டை கட்டி வைப்பேன்,
வடை மடிக்கத் தங்கையன் எடுத்துப்போவார், கிலோ பன்னிரண்டு ரூபாய்.
பின்னறையில் ஒன்றரை மூட்டை மிச்சமிருந்தது.

கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியை வைத்துப் பிரித்தோம்.
கோணலானது, மை தீர்ந்தது,
தலைப்பு வெட்டுப்பட்டது,
என் கட்டைவிரல் விழுந்தது.
ராத்திரி ஏற ஏற ஆள் கூடிற்று.
பட்டா தேடி மழவராயரின் பேரன்கூட வந்தார்.
வரிசையில் நின்றார்,
தெருமுனை வரை போயிருந்தது வரிசை.

இளஞ்சேரனுடையது கிடைத்தது, பாதி.
வேதியியல் வரை தெரிந்தது.
பதிவெண் தெரிந்தது.
அதை வைத்து வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.
முப்பத்தேழு பேருக்குக் கிடைத்தது அன்று.
கிடைக்காதவர்களின் தாளில்
நாங்கள்தான் வடை தின்றிருக்கிறோம்.
எண்ணெய் ஒற்றி எடுத்து, கசக்கி,
வாய்க்காலில் எறிந்திருக்கிறோம்.

இந்த வருஷம் தண்ணீர் முந்திக்கொண்டது.
வாசல் பூட்டித்தான் இருக்கிறது.
பின்னறையில் இப்போது ஆறு மூட்டை.
தரமாட்டேன் என்றதில் தங்கையனுக்குக் கோபம்.
வாழையிலையில் மடிக்கிறார்,
வடைக்கு ஒரு ரூபாய் ஏற்றிவிட்டார்,
காரணம் கேட்பவர்களிடம்
என் கடையைக் கை காட்டுகிறார்.